காலையிலேயே போட்ட டிக்குகள்

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் செக்கிங் ஏறினால், கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே வியர்ப்பேன். பரீட்சை எழுதி முடித்த கனவில்கூட மணி அடித்துவிடுமோ என்று பயந்து எழுந்திருக்கிறேன். அதெல்லாம் சில்லறைப் பயம். முழுசாகப் பயந்தது என்றால் 2008 ஐப்பசியில் சுருளிப்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்த எட்டு நாட்கள்தான். அதற்குக் காரணம் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளைக் காந்தத் துண்டு.

அப்போது நான் பெங்களூரில் ஆறு வருட ஆராய்ச்சியை முடித்து, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். வைவாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுதான் கடைசி வாய்மொழித் தேர்வு. அதில் தேறிவிட்டால் டாக்டர் பட்டம். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தது அண்ணன். எனக்குப் பதினோரு வயது மூத்தவர். இரண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை, கொஞ்சம் வாழை. மதினிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் என்ன படிக்கிறேன் என்று மதினி ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அடுத்த முறை மறுபடி கேட்பார். மறந்து கேட்பதில்லை, நான் விழிப்பதைப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

சொல்லுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஈய செலினைடு என்ற ஒரு குறைகடத்தி. அதை நானோ துகளாக்கி ஒரு திரவத்தில் மிதக்க விடுகிறோம். சதுரக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால் கடுங்காப்பி மாதிரி இருக்கும். ஒளி பட்டதும் ஒரு துகளுக்குள் இருக்கும் எலக்ட்ரான் ஒன்று மேலே எழும்பும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து ஒரு ஜோடி. கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரான் கீழே இறங்கித் துளையை நிரப்பிவிடும். ஜோடி காலி. நடுவில் அவை என்னவெல்லாம் செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆனால் அந்த நடு நேரம் நம் நேரம் இல்லை. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக வெட்டினால் வரும் ஒரு பங்குக்குப் பிகோ நொடி என்று பெயர். அந்தக் கணக்கில் நடக்கும் காரியம்.

அதை எப்படி அளப்பது? எந்தக் கேமராவாலும் முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிப்போம். முதல் துடிப்பு போய் எலக்ட்ரானை எழுப்பும். இரண்டாவது துடிப்பு கொஞ்சம் தாமதமாகப் போய், உள்ளே என்ன நிலைமை என்று பார்த்து வரும். தாமதம் வேண்டுமென்றால் இரண்டாவது துடிப்பு போகும் பாதையை நீட்டினால் போதும். ஒரு பிகோ நொடியில் ஒளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூடப் போகாது. அதனால் கண்ணாடியை மயிரளவு பின்னால் தள்ளினால் தாமதம் வந்துவிடும். கண்ணாடியைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு தாமதத்திலும் ஒரு புள்ளி எடுத்தால், கடைசியில் ஒரு கோடு கிடைக்கும். எனக்கு ஆறு வருடச் சோறு அந்தக் கோடு.

ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் இருந்த கோடு கொஞ்சம் பேர் வாங்கிய கோடு. ஒரு ஒளித்துகள் ஒரு ஜோடியைத்தான் உண்டாக்கும். ஆனால் நல்ல சக்தியுள்ள ஒளித்துகள் ஒன்றே இரண்டு ஜோடிகளை உண்டாக்கும் என்று அந்த நாட்களில் உலகம் முழுக்கப் பேச்சு. உண்மையானால் அதே வெயிலில் சோலார் பலகை கூடுதலாக மின்சாரம் தரும். ஒரு துகளுக்குள் ஒரே ஜோடி இருந்தால் கோடு சமதரையாக நீளமாகப் போகும். இரண்டு ஜோடி நெருக்கியடித்து இருந்தால் ஒன்று தன் சக்தியை மற்றதிடம் கொடுத்துவிட்டு அழியும். அப்போது கோடு முதல் நூறு பிகோ நொடிக்குள் சட்டென்று சரியும். அந்தச் சரிவு என் கோட்டில் இருந்தது, நன்றாகவே இருந்தது. என் கைடு சார் அதை நாலு மாநாட்டில் காட்டினார். அச்சிலும் வந்தது, என் பெயர் முதலில்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மூன்று நாள் விடாமல் மழை பெய்து வெறித்திருந்தது. மழை விட்டதும் திராட்சை இலைக்கு அடிச்சாம்பல் நோய் வரும். அதற்குள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த மருந்தை அடித்துவிட வேண்டும். அண்ணன் பந்தலுக்குள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தபடியே அடித்துக்கொண்டு போவார். பந்தலுக்கு வெளியே வரப்பில் இன்ஜினும் நீல டிரம்மும் இருக்கும். டிரம்முக்குப் பக்கத்தில் ஒருவர் மூங்கில் கம்பால் கலக்கிக்கொண்டே நிற்க வேண்டும். கலக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் அடியில் இருப்பதால் முதல் சில கொடிகளுக்குக் கெட்டியாகப் போய் இலை கருகும். பிறகு வெறும் தண்ணீர்தான் வரும். எப்போதும் மதினி செய்யும் வேலை. அன்று குழந்தையை வைத்துக்கொண்டு மருந்துப் பக்கம் வரக்கூடாது என்பதால் நான் நின்றேன்.

கலக்கினேன். கம்பு டிரம்மில் இடித்து டொக் டொக் என்றது. நான் மனதுக்குள் வைவாவுக்குப் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். "மதிப்புக்குரிய தேர்வாளர்களே" என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியம் வரும்போதெல்லாம் டொக் என்று இடித்து மறந்துபோனது. இன்ஜின் சத்தம் வேறு. எரிச்சலாக வந்தது. கம்பை டிரம்மின் விளிம்பில் சாய்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு முழு உரையையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

பந்தலுக்குள்ளிருந்து அண்ணன் கத்தினார். "ஏத்தா! கலக்குறியா, சும்மா நிக்கிறியா? மருந்து வெளுத்து வருது. கையில நீலமே ஒட்டல!"

"கலக்குறேண்ணே!"

"எம்புட்டு நேரமா நிப்பாட்டிட்ட?"

"இப்பத்தாண்ணே. ஒரு நிமிசந்தான். சத்தமா இருந்துச்சு, அதான்."

கால் மணி நேரம் இருக்கும். ஏன் ஒரு நிமிடம் என்று சொன்னேன்? பயம்தான், வேறென்ன. கம்பை எடுத்து வேகவேகமாகக் கலக்க ஆரம்பித்தேன். இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பேன். நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. சத்தமாக இருந்தது, அதனால் நிறுத்தினேன். இதே காரணத்துக்காக நான் வேறொன்றையும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

எங்கள் கண்ணாடிக் குப்பிக்குள்ளும் கலக்க ஒன்று உண்டு. அதுதான் அந்த வெள்ளைக் காந்தத் துண்டு. குப்பிக்குக் கீழே ஒரு மோட்டார் சுழலும், மேலே துண்டும் சுழலும். நாங்கள் ஸ்டிரர் என்போம். லேசர் ஒரே இடத்தில் நொடிக்கு ஆயிரம் முறை அடிக்கிறது. அடி வாங்கிய துகள்களை நகர்த்திவிட்டுப் புதிய துகள்களைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் சில துகள்களில் எலக்ட்ரான் வெளியே போய் மேற்பரப்பில் மாட்டிக்கொள்ளும். உள்ளே துளை மட்டும் தனியாக மிஞ்சும். அடுத்த அடியில் புது ஜோடி வரும்போது ஏற்கெனவே அந்த உபரித் துளை உட்கார்ந்திருக்கும். ஜோடி தன் சக்தியை அதனிடம் கொடுத்துவிட்டுச் சட்டென்று அழியும். கோடு சரியும். இரண்டு ஜோடி இருந்ததுபோலவே சரியும். கோட்டைப் பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

நான்காவது அத்தியாயத்து அளவீட்டில் ஒளியை மிகவும் குறைவாகத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. சிக்னல் அவ்வளவு சிறிது. காந்தத் துண்டு சுழலும்போது சில சமயம் ஒளிக்கற்றையின் விளிம்பைத் தொட்டுவிடும். புள்ளிகள் குதிக்கும். ஒரு மதியம், எரிச்சலில், ஸ்டிரர் குமிழைத் திருப்பி நிறுத்தினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புள்ளிகள் எல்லாம் அடங்கி அழகாக வரிசையில் வந்தன. சந்தோஷப்பட்டேன். மறுபடி ஓடவிட்டேனா? டிரம்மில் கம்பைச் சுற்றிக்கொண்டே எவ்வளவு யோசித்தாலும் அந்தக் குமிழை வலது பக்கம் திருப்பிய என் கை நினைவுக்கு வரவே இல்லை.

நோட்டில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் நோட்டில் ஒரு வரிசை. தேதி, மாதிரி எண், ஒளியின் அளவு, கடைசிக் கட்டம் ஸ்டிரர். அதில் டிக் போட வேண்டும். என் நோட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். எப்படி என்று எனக்குத்தானே தெரியும். காலையில் லேபுக்கு வந்ததும் அன்றைக்கான கட்டங்களைப் பென்சிலால் கோடு போட்டு, ஸ்டிரர் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் டிக் டிக் டிக் என்று போட்டுக்கொண்டு போய்விடுவேன். லேபில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். எப்படியும் ஓடத்தானே போகிறது என்ற நினைப்பு. வேலை நடப்பதற்கு முன்பே நடந்ததற்கு அத்தாட்சி எழுதியாகிவிடும்.

அன்று மாலை சோறு இறங்கவில்லை. மதினி, "மருந்து நெடி ஒத்துக்கல போல" என்று மோர் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் கம்பத்துக்குப் போனேன். டேட்டா முழுவதும் ஒரு சிடியில் கையில் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். ஒரு அக்கா நடத்தினார். தட்டி வைத்து மறைத்த சிறு அறைகள். பக்கத்து அறையில் எஸ்டேட்டுக்குப் போகிற ஒருவர் மலையாளமும் தமிழும் கலந்து யாருக்கோ படிவம் நிரப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கோடு ஒரே ஓட்டத்தில் எடுத்தது அல்ல. கண்ணாடி முதலிலிருந்து கடைசிவரை போய்வருவது ஒரு ஓட்டம். அப்படிப் பன்னிரண்டு ஓட்டம் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டதுதான் அச்சில் வந்த கோடு. சராசரிதான் எல்லாரும் பார்த்தது, நானும் அதைத்தான் பார்த்தேன். ஓட்டங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முந்தைய நாள் இரவுதான் தோன்றியது. ஸ்டிரர் ஓடியிருந்தால் பன்னிரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஓடாமல் இருந்திருந்தால் முதல் ஓட்டத்தில் துகள்கள் புதியவை, சரிவு லேசாக இருக்கும். போகப் போகக் கூடும்.

முதல் ஓட்டத்தைத் திறந்தேன். கோடு ஏறக்குறையச் சமதரை. இரண்டாவதில் கொஞ்சம் சரிவு. மூன்றாவதைத் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் கரண்ட் நினைத்தபோது போகும். ஃபேன் நின்று அறைகளெல்லாம் புழுங்க, அவரவர் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். நான் அந்தத் தட்டிக்குள்ளேயே, கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேண்டாத சாமி இல்லை. மூன்றாவது ஓட்டம் முதலாவது மாதிரி இருக்கட்டும் என்று சுருளி வேலப்பரிடம்கூடக் கேட்டேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு எடுத்துப் பதிவாகிவிட்ட எண்களைச் சாமி வந்து மாற்றுமா என்ற அறிவு இல்லாமல் இல்லை. பயத்துக்கு அறிவு எங்கே தெரிகிறது.

கரண்ட் வந்தது. மூன்றாவதில் இன்னும் சரிவு. நான்காவதில் செங்குத்து. அதற்குப் பிறகு பன்னிரண்டு வரை அப்படியே நின்றுவிட்டது. ஸ்டிரர் ஓடவில்லை.

அந்த அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, ரிசல்ட்டா? பெயிலாப் போச்சா?" என்றார். அழுதிருக்கிறேன் போல. "இல்லக்கா" என்றேன்.

நான் பயந்தது என்ன என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இது வெளியே தெரிந்தால் நான்காவது அத்தியாயம் போகும். அது போனால் ஆய்வேட்டில் மிஞ்சுவதற்குப் பட்டம் தரமாட்டார்கள். ஆறு வருடம் போகும். அண்ணனுக்கு என்ன சொல்வது? இது வெளியே தெரிய ஒரே வழிதான் உண்டு. அது நான் வாயைத் திறப்பது.

நான்காம் நாள் மறுபடி கம்பத்துக்குப் போய் மெயில் பார்த்தபோது சாரிடமிருந்து வந்திருந்தது. வெளித் தேர்வாளரின் அறிக்கை. பாராட்டு மேல் பாராட்டு. வைவாவுக்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டிய சின்னச் சின்னக் கேள்விகள் ஐந்து. நான்காவது கேள்வி ஒரே வரி. நான்காவது அத்தியாயத்தின் எல்லா அளவீட்டிலும் மாதிரி கலக்கப்பட்டதா? அதன் பக்கத்தில் சார் எழுதியிருந்தார்: இதற்கு நோட்டின் பக்கத்தை நகல் எடுத்து இணைத்துவிடு, போதும்.

அவ்வளவு சுலபம். டிக் இருக்கிறது. நகல் எடுத்து இணைத்தால் முடிந்தது. யாராலும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நான் அன்றைக்கே பதிலை டைப் செய்தேன். ஆம், எல்லா அளவீட்டிலும் கலக்கப்பட்டது, நோட்டின் பக்கம் இணைக்கப்படும். அதை அனுப்பவில்லை, டிராஃப்டில் போட்டு வைத்தேன். அனுப்பாமல் விட்டது நேர்மையால் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் அனுப்பும் பொத்தானை அழுத்தவும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மதினியிடம் மெதுவாக விட்டுப் பார்த்தேன். அவர் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"மதினி, ஒருவேளை எனக்கு இந்தப் பட்டம் கெடைக்காமப் போச்சுன்னா?"

"போனா என்ன? இங்கனயே இரு. ஒன் மருமகனுக்குப் பீத்துணி அலச ஆளு வேணும்" என்று சிரித்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "ஏன்த்தா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மதினி. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது? ஒங்க அண்ணே காதுல விழுந்துறப் போகுது. அவுக வாழத்தார் மண்டி, உரக்கடை, ஒண்ணு பாக்கி விடாம சொல்லி வச்சிருக்காக."

சொல்லி மட்டும் வைத்திருக்கவில்லை. மறுநாள் சுண்ணாம்பு எடுக்க மோட்டார் ரூமுக்குப் போனேன். மூலையில் நீளமாக ஏதோ சுருட்டி, கயிறு கட்டி நிறுத்தியிருந்தது. புது ஃபிளெக்ஸ் வாடை. பிரித்தேன். பத்தடிக்கு நான். கல்லூரி அடையாள அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு. முனைவர் பட்டம் பெற்ற எங்கள் தங்கத்தை வாழ்த்தி வரவேற்கிறோம் என்று எழுதி, கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள் படம். இன்னும் நடக்காத ஒன்றுக்கு அண்ணன் இப்போதே அடித்து வைத்துவிட்டார். எப்படியும் கிடைக்கத்தானே போகிறது. என் நோட்டின் கட்டங்கள் கண் முன்னால் வந்தன. எங்கள் குடும்பத்துக்கே இந்த வியாதி இருக்கிறது போலும். ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கயிற்றைக் கட்டுவதற்குள் நாலு தடவை அவிழ்ந்துவிட்டது.

எட்டாம் நாள் காலையில் அண்ணன் தோட்டத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். பந்தலுக்குள் தெற்குப் பக்கத்து இரண்டு வரிசையில் நின்றிருந்தார். ஒரு இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் முழுவதும் வெள்ளை பூத்திருந்தது. பக்கத்துக் கொடியில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது வரிசையிலிருந்து இலைகள் நீலம் பூசிக்கொண்டு நன்றாக இருந்தன.

"இந்த ரெண்டு வரிசைக்கும் வெறுந்தண்ணிதான் போயிருக்கு" என்றார். "அன்னைக்கு எம்புட்டு நேரம் நிப்பாட்டுன, நெசமாச் சொல்லு."

"கால் மணி நேரம் இருக்கும்ணே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இலையைக் கசக்கித் தூரப் போட்டார். "நிப்பாட்டுனதுகூடப் பெருசில்ல. அன்னைக்கே சொல்லியிருந்தியன்னா மறுநாளே திருப்பி அடிச்சிருப்பேன்ல. ஒரு நிமிசம்னு சொன்னதை நம்பி எட்டு நாளா வேற சோலியப் பாத்துக்கிட்டுத் திரியிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே பூத்த இலைகளைப் பறிக்க ஆரம்பித்தார்.

என் ஒரு நிமிடத்தை அவர் நம்பினார். என் டிக்கை சார் நம்புகிறார். சாரின் பேச்சை நாலு மாநாட்டில் நம்பியிருக்கிறார்கள். எங்கேயோ எவளோ என்னைப்போல ஒருத்தி என் கோட்டை நம்பி, அதே சரிவு தனக்கு ஏன் வரவில்லை என்று ஸ்டிரரை ஓடவிட்டுக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. பொய் சொல்லிவிட்டால் இனி ஆயுள் முழுக்கப் பயப்பட வேண்டும். உண்மையைச் சொன்னால் கொஞ்ச நாள் பயந்தால் போதும். நான் கோழை. எது குறைந்த பயமோ அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

பந்தலுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. மோட்டார் ரூம் மொட்டை மாடியில் ஏறினால் கிடைக்கும். ஏறினேன். சாரின் எண்ணை மூன்று தடவை அழுத்தி மூன்று தடவை ரிங் போவதற்கு முன் வைத்துவிட்டேன். நான்காவது தடவை எடுத்துவிட்டார்.

குமிழை நிறுத்தியதையும் பன்னிரண்டு ஓட்டத்தையும் சொன்னேன். சார் தமிழர்தான், ஆனால் வேலைப் பேச்சு என்றால் எப்போதும் ஆங்கிலம்தான். அன்று தமிழில் பேசினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நோட்ல டிக் இருக்கே?"

"அது காலையிலேயே போட்டது சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"எட்டு நாளா சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்பப் பயந்தேன். யாருக்கும் தெரியாது என்று சொன்னால், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாரோ? சொன்னால் நான் சரி என்று சொல்லிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் என் தைரியம்.

"யாருக்கும் தெரியாது சார்."

கீழே அண்ணன் இலை பறித்துப் போடுவது தெரிந்தது.

"அப்ப அந்தத் தேர்வாளருக்கு முதல்ல நானே எழுதிடறேன்" என்றார். "நீ கிளம்பி வா."

போனேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, கத்தவும் இல்லை. புதிய மாதிரியைக் குப்பியில் ஊற்றி, ஸ்டிரர் குமிழைத் தானே திருப்பி, துண்டு சுழல்வதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று நாள் எடுத்தோம். சரிவு முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் நாங்கள் உலகத்துக்குச் சொன்னது அது இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் தன் பெயரை முதலில் போட்டார். என் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைவா தள்ளிப்போனது. நான்காவது அத்தியாயத்தை முதலிலிருந்து செய்தேன். பட்டம் வர ஒன்றரை வருடம் பிடித்தது.

அண்ணனிடம் சொன்னது பஸ் ஏறுவதற்கு முன்னால், கம்பம் பஸ் ஸ்டாண்டில். அறிவியல் எதுவும் சொல்லவில்லை. "அங்கனயும் கலக்காம விட்டுட்டேண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் பஸ்ஸின் போர்டைப் பார்த்தார். "சரி, போயிட்டுத் திருப்பி அடி" என்று என் பையைத் தூக்கி மேலே வைத்தார். ஃபிளெக்ஸைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த முறை வந்தபோது அது மோட்டார் ரூமில் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு மூடாக்காகக் கிடந்தது. படம் உள்பக்கம் இருக்கும்படி மூடியிருந்தார்.

2010இல் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். "புதுசா ஒண்ணு அடிச்சிருவமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த வாரமும் மழை பெய்து வெறித்திருந்தது. மதினி குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். நான் போய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் ஹோஸை இழுத்துக்கொண்டு பந்தலுக்குள் போய் மறைந்தார். வெகு நேரம் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

"ஏத்தா, கலக்குறியா?"

"கலக்குறேண்ணே!" என்றேன். சொன்ன உடனே பயம் வந்தது. குனிந்து என் கையைப் பார்த்தேன். கலக்கிக்கொண்டுதான் இருந்தது.